சரித்திரத் தொடர்கதைச் சித்திரங்களில் கட்டடமும் காலமும்

ஒரு சித்திரக் காட்சி எந்த ஊரில், எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதைப் பின்னணிக் கட்டடங்களைக் கொண்டு அறிவது ஜப்பானிய மாங்கா வாசகர்களுக்குப் பழகிய வாசிப்பு முறை. ஹிரோஷிமாவைக் களமாகக் கொண்ட ஒரு மாங்காவில், செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்சல் வடிவமைத்து 1915இல் கட்டி முடிக்கப்பட்ட கண்காட்சி மண்டபத்தின் குவிமாடம் சிதையாமல் தெரிந்தால், காட்சி 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதிக்கு முந்தையது. வசனம் தேவையில்லை. தமிழில் இம்முறையைப் பொருத்திப் பார்க்க ஏற்றவை சரித்திரத் தொடர்கதைகளுக்கு வரையப்பட்ட சித்திரங்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை எடுத்துக்கொள்வோம். அது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் காலத்தில் எழுந்தது. 'சிவகாமியின் சபதம்' ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் காலத்தில் நடக்கும் கதை. அக்கதைக்கான படத்தில் கடற்கரைக் கோயில் வந்தால் அது பிழை. அதே கோயில் பத்தாம் நூற்றாண்டுக் கதையான 'பொன்னியின் செல்வ'னில், ஆதித்த கரிகாலன் மாமல்லபுரத்தில் இருக்கும் காட்சியில் வந்தால் சரி. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய இராசகோபுரமோ இரண்டு கதைகளிலுமே வரக்கூடாது. அது கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டியது.

தூண்கள் இன்னும் நுட்பமாகப் பேசுகின்றன. மேலும் கீழும் சதுரம், நடுவில் எண்பட்டை என்று கனமாக நிற்பது மகேந்திரவர்மனின் குடைவரைத் தூண். அடியில் சிங்கம் அமர்ந்திருந்தால் அதற்குப் பிந்தைய பல்லவர் பாணி. போதிகையிலிருந்து தாமரை மொட்டு தொங்கினால், பாயும் குதிரை முன்னங்கால் தூக்கி நின்றால், விசயநகர காலம். சுந்தர சோழர் அவையில் குதிரைத் தூண் வைப்பது, அவர் கையில் துப்பாக்கி கொடுப்பதைப் போன்றதுதான். முந்தையது மட்டும் நம் கண்ணில் படுவதில்லை.

அரண்மனைதான் ஓவியருக்கு உண்மையான சிக்கல். சோழர் அரண்மனை எதுவும் இன்று நிற்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டு அகழாய்வில் கிடைத்தவை செங்கல் சுவர் அடித்தளங்களும் கூரை ஓடுகளும். அந்த இடைவெளியைப் பலர் 1636இல் எழுந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளைக் கொண்டு நிரப்பிவிடுகிறார்கள். சோழர் கற்கட்டடம் தூணும் உத்திரமும் கொண்டது. இலை வளைவு அதன் மொழி அன்று. இன்று செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் 'சோழர் காலப்' படங்கள் இப்பிழையை மேலும் பெருக்குகின்றன.

1950இல் கல்கி இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னுக்கு வரைந்த மணியம், சிற்பங்களைப் பார்த்து வரையும் பழக்கமுடையவர். அவருடைய மாந்தரின் அணிகளிலும் நிலைகளிலும் அது தெரியும். அவருக்குப்பின் வந்த பலர் சிற்பத்தைப் பார்க்காமல் மணியத்தையே பார்த்து வரைந்தனர். மரபு அங்கேதான் மெலிந்தது.

இதில் அதிகம் இழந்தது தொண்டை நாடு. கரிகாலன் மறைந்தபின் உத்தம சோழன் ஆட்சிக்கு வந்த செய்தியைக் கூறும் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் 1905இல் கிடைத்தது இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில். ஆயினும் அப்பகுதி படத்தில் வரும்போது தஞ்சையின் நகலாகவே வருகிறது. உயர்ந்த நேர்க்கோட்டு விமானம், அவ்வளவுதான். தொண்டை நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வடிவம் வேறு: பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். ஆவடியை அடுத்த திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலிலும் திருவொற்றியூரிலும் அதை இன்றும் பார்க்கலாம். மாமல்லபுரத்தில் சகதேவ ரதம் இதே வடிவில் இருக்கிறது; ஒப்பிட்டுக்கொள்ளட்டும் என்பதுபோல் சிற்பி பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்திவைத்திருக்கிறான். வீரர்கள் குதிரையில் விரையும் ஒரு படத்தின் மூலையில் அந்த முதுகு வளைவு மட்டும் தெரிந்தால் போதும், அவர்கள் பாலாற்றுக்கு வடக்கே வந்துவிட்டார்கள் என்று ஊகிக்க இடமுண்டு.