தந்தை எனும் வேலை

மணமாகாமல் தாயான பெண்ணை நாவல்களில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அவளைத் தாயாக்கியவனைச் சந்திப்பது அரிது. 1850-இல் நத்தானியல் ஹாதோர்ன் எழுதிய 'தி ஸ்கார்லட் லெட்டர்' என்னும் நாவலில், ஹெஸ்டர் பிரின் கைக்குழந்தையோடு தண்டனை மேடையில் ஊரார்முன் நிற்கிறாள். அவள் மார்பில் சிவப்பு எழுத்து தைக்கப்பட்டிருக்கிறது. குழந்தையின் தகப்பனோ மேலே, பெரியவர்கள் நடுவே நின்றுகொண்டு, கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிடுமாறு அவளுக்கே அறிவுரை கூறுகிறார். அவர் ஒரு போதகர் என்பதை நாம் சற்றே கூச்சத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

கதைகளில் மட்டுமன்று, கணக்குகளிலும் இதுவே நிலை. 1991-இல் அமெரிக்காவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்கள் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 62 பிள்ளைப்பேறுகள் நிகழ்ந்தன. 2022-இல் அது 14-க்கும் கீழே இறங்கிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் பையன்களை வைத்து எடுத்த கணக்கை யாரும் மேடையில் எடுத்துச் சொல்லி நாம் கேட்டதில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டிய சிறு நாவல் ஒன்று உண்டு. ஆஞ்செலா ஜான்சன் என்னும் கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் 2003-இல் வெளியிட்ட 'தி ஃபர்ஸ்ட் பார்ட் லாஸ்ட்'. 'முதற்பகுதி கடைசியில்' என்று நாம் பொருள் கொள்ளலாம். இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதும், கொரெட்டா ஸ்காட் கிங் விருதும் 2004-இல் இதற்குக் கிடைத்தன. கதாநாயகன் பாபி நியூயார்க் நகரத்துப் பள்ளி மாணவன். தனது பதினாறாம் பிறந்தநாளன்று, தோழி நியா ஒரு சிவப்புப் பலூனோடு காத்திருந்து, தான் கருவுற்றிருக்கும் செய்தியைச் சொல்கிறாள். 'இப்போது', 'அப்போது' என்று இயல்கள் மாறி மாறி வருகின்றன. 'இப்போது' பகுதிகளில் பாபியின் கையில் ஃபெதர் என்ற பெண்குழந்தை இருக்கிறது; அப்பெயருக்கு இறகு என்று பொருள். நியா இல்லை. ஏன் இல்லை என்பது கடைசியில்தான் விளங்குகிறது. அதைச் சொல்லாமல் இந்நாவலைப் பற்றிப் பேச இயலாது, வாசகர்கள் பொறுத்தருள்க.

நம்மில் பலர் இத்தகைய கதையைக் கையில் எடுக்கும்போது, பாவமும் அதற்குரிய தண்டனையும் வரிசையாக வரும் என்று எதிர்பார்ப்போம். ஆசிரியர் அந்த வழியில் செல்லவில்லை. அவர் காட்டுவதெல்லாம் வேலை. இரவில் குழந்தை அழுகிறது, பாபி எழுகிறான். பால் புகட்டுகிறான், டயப்பர் மாற்றுகிறான், மார்பின்மேல் கிடத்தி உறங்கவைக்கிறான். காலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறான், அங்கே தூங்கி வழிகிறான். அன்பு என்ற சொல்லைப் பெரிதாக உரைக்காமலேயே, ஒரு பையனின் கை குழந்தையின் எடைக்குப் பழகிவருவதை வாசகர் உணர்கிறார்.

இங்கே பாபியின் தாய் மேரியை நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அழுதால் எழ வேண்டியவன் பாபியே, துணி மாற்ற வேண்டியவனும் அவனே, பாட்டியை ஆயாவாக எண்ணிவிடக் கூடாது என்று அவள் தொடக்கத்திலேயே விதித்துவிடுகிறாள். முதல் வாசிப்பில் இது கல்நெஞ்சம் என்றே படுகிறது. நம் வீடுகளில் பாட்டிமார் குழந்தையைப் பறித்துக்கொள்ளாத குறையாகத் தூக்கிக்கொள்வார்கள்; தகப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் மேரி கை நீட்டியிருந்தால் பாபி மறுநாளே மீண்டும் மகனாகியிருப்பான் என்பது படிக்கப் படிக்கப் புலனாகிறது. அவன் ஒருநாள் அப்படிச் செய்யவும் செய்கிறான். ஃபெதரை அண்டை வீட்டுப் பெண்மணியிடம் விட்டுவிட்டு வெளியே போய், சுவர் ஒன்றில் வண்ணம் தெளித்து ஓவியம் தீட்டுகிறான், காவலரிடம் பிடிபடுகிறான். நாவலின் மிக நேர்மையான பகுதி அதுவே எனலாம். தந்தையாகிவிட்டவன் அன்று மாலைவரை சிறுவனாகவே இருந்தான்.

இனி நமது மனத்தடையைச் சொல்ல வேண்டும். நியாவும் பாபியும் குழந்தையைத் தத்துக் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தனர். பேறுகாலத்தில் நியாவுக்கு வலிப்பு கண்டு, மீளாத நினைவிழப்பில் ஆழ்ந்துவிடுகிறாள். இது கதைக்காகப் புனைந்த விபரீதம் என்று தள்ளிவிட முடியாது. கருவுற்ற பெண்ணின் இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வரும் ஈக்லாம்ப்சியா என்ற அந்நிலை, இருபது கடந்த இளம் பெண்களைவிட இளவயதுத் தாய்மாரை அதிகம் தாக்குவதாக மருத்துவம் சொல்கிறது. குறை நோயில் இல்லை. அந்த நோய் ஆசிரியருக்குச் செய்துகொடுக்கும் உதவியில் இருக்கிறது. நியா வாய்பேசாமற் போனதால், அவள் என்ன விரும்பினாள் என்ற கேள்வியும் வாயடைத்துப் போகிறது. அவள் குரலில் அமைந்தது ஒரே ஓர் இயல். தத்துக் கொடுப்பதற்கான தாள்களில் கையெழுத்திட மறுத்துக் குழந்தையை வைத்துக்கொள்ளும் பாபியை நாம் போற்றுகிறோம். அவனோடு வாதாட ஒருத்தி இல்லை. நிக் ஹார்ன்பி என்ற ஆங்கில எழுத்தாளரின் 'ஸ்லாம்' (2007) நாவலில், செய்தியறிந்த பையன் கடற்கரை ஊர் ஒன்றுக்கு ஓடிப்போகிறான், கைப்பேசியைக் கடலில் எறிகிறான். திரும்பி வந்தால் அங்கே அலிசியா முழு உயிரோடு, கோபத்தோடு காத்திருக்கிறாள். கலையழகில் அந்நூல் குறைந்ததுதான். இந்த ஒன்றில் மட்டும் அது துணிவு மிக்கது.

இன்னொன்றும் உண்டு. இதே இரவு விழிப்பை ஒரு பதினாறு வயதுப் பெண் செய்திருந்தால் இவ்வளவு நெகிழ்ந்திருப்போமா?

தத்து விஷயத்திலும் நமக்கு ஐயம் எழுந்தது. பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் கொடுப்பது அன்பின்மை என்று இளம் வாசகர் முடிவுகட்டிவிடக் கூடுமே! ஆனால் ஜான்சன் 1998-இல் எழுதிய 'ஹெவன்' நாவலை இதனோடு சேர்த்துப் படித்தபோது அந்த ஐயம் பெரும்பாலும் நீங்கியது. ஓஹாயோ மாநிலத்தில் விண்ணகம் என்ற பொருளில் பெயர் சூட்டப்பட்ட சிற்றூர். அங்கே வாழும் பதினான்கு வயது மார்லி, தன்னை வளர்த்தவர்கள் பெற்றோரல்லர் என்று ஒருநாள் அறிகிறாள். ஊர் ஊராகச் சுற்றியபடி அவளுக்குக் கடிதம் எழுதும் ஜாக் சித்தப்பாவே அவளைப் பெற்ற தகப்பன். தாய் இறந்தபின், தன் உடன்பிறந்தானிடம் அவளை ஒப்படைத்தவன். கோபமும் குழப்பமுமாய்த் திரியும் அந்த மார்லி, ஒரு சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அக்குழந்தை ஃபெதர். அவளுடைய தந்தை பாபி.

ஆக, கொடுத்த தகப்பனும் கொடாத தகப்பனும் ஒரே ஆசிரியரின் உலகில் அருகருகே நிற்கிறார்கள். எவன் மேலானவன் என்று அவர் தீர்ப்பிடவில்லை. மார்லியை வளர்த்த தகப்பன், பெறாமலேயே அந்த வேலையைப் பதினான்கு ஆண்டுகள் செய்தவர். பாபி தான் பெற்ற குழந்தைக்கு அதே வேலையை இரவிரவாகக் கற்றுக்கொள்பவன். இரத்தம் இருவரையும் தந்தையாக்கிவிடவில்லை. இப்படிப் பார்க்கையில் 'முதற்பகுதி கடைசியில்' என்ற தலைப்புக்கும் ஒரு புதுப்பொருள் கிடைக்கிறது. வாழ்க்கையைப் பின்னிருந்து முன்னாக வாழ முடிந்தால் நன்றாயிருக்குமே என்ற பாபியின் ஏக்கம் அதில் இருப்பது வெளிப்படை. ஆனால் பாபியின் பிற்காலத்தை 1998-இலும், முற்காலத்தை 2003-இலும் எழுதிய ஆசிரியரும் அப்படியே செய்திருக்கிறார்!

மொழி எளிது, இரு நூல்களும் அளவில் சிறியவை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் ஆசிரியர் விரைந்து கடந்துவிடுகிறார். இறுதியில் பாபி குழந்தையோடு ஓஹாயோவுக்குக் குடிபெயர்வதும் சற்று எளிதாகவே முடிந்துவிடுகிறது. பாலுறவு பற்றிய குறிப்புகள் உண்டு, ஆபாசம் இல்லை. பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுப்பது நன்று. மகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மகனுக்கு வேறு நூலைத் தேட வேண்டாம். வரிசை கேட்பவர்களுக்கு நாம் சொல்வது, 1998-இல் வந்ததையே முதலில் படியுங்கள். ஃபெதர் நடை பழகியதைப் பார்த்த பிறகு, அவளுக்காக விழித்த இரவுகளுக்கு வாருங்கள்.