வீடியோ கேம்களில் சவாலும் தடையும்: எல்லா ஆட்டங்களிலும் இருக்க வேண்டிய வசதிகள்

வீடியோ கேம் விளையாடுபவர்களிடம் எல்லா ஆட்டங்களிலும் கட்டாயம் இருக்க வேண்டிய வசதிகள் எவை என்று கேட்டால், வரும் பதில்கள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை. நினைத்த நேரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஏற்கெனவே பார்த்த கதைக்காட்சியைத் தாண்டிச் செல்ல முடிய வேண்டும். பொத்தான்களை விருப்பப்படி மாற்றிக்கொள்ள வேண்டும். சப்டைட்டில் எழுத்துகள் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். கடினநிலையைத் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். இவற்றில் எதுவும் புதிய தொழில்நுட்பத்தைக் கேட்பதில்லை. ஆனாலும் பெரும் பொருட்செலவில் வெளிவரும் ஆட்டங்களில்கூட இவற்றில் ஒன்றிரண்டு விடுபட்டுப் போகின்றன.

விடுபடும்போது இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. ஒன்று, செய்வதற்கு நேரமும் பணமும் இல்லை என்பது. மற்றொன்று, அந்த வசதியைச் சேர்த்தால் படைப்பாளர் நினைத்த அனுபவம் கெட்டுவிடும் என்பது. இரண்டாவது விளக்கத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆட்டம் என்பதே விதிகளால் ஆனது. விதி என்றால் சிலவற்றைத் தடுப்பதுதான். எனவே எந்தத் தடுப்பு ஆட்டத்தின் பகுதி, எது ஆட்டத்துக்கு வெளியே நின்று வழிமறிக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவதைச் சவால் என்றும் இரண்டாவதைத் தடை என்றும் இக்கட்டுரை அழைக்கிறது.

நிறுத்துவதும் தொடர்வதும்

தொடக்ககால ஆட்டங்களில் சேமிக்கும் வசதி இல்லாததற்குக் காரணம் எளியது. காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களில் ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். ஆட்டம் வீட்டுக்கு வந்தபோது இந்த நிலை மாறியது. 1986 இல் ஜப்பானில் வெளியான தி லெஜண்ட் ஆஃப் செல்டா ஆட்டத்தின் முன்னேற்றம் வட்டில் சேமிக்கப்பட்டது. 1987 இல் அமெரிக்காவுக்கு வந்த பதிப்பில், அதே வேலைக்காகக் கேட்ரிட்ஜுக்குள் சிறிய பேட்டரி வைக்கப்பட்டது. பேட்டரி இல்லாத பல ஆட்டங்கள் நீண்ட கடவுச்சொல்லைத் திரையில் காட்டின. அதைத் தாளில் எழுதி வைத்து, மறுநாள் ஓரெழுத்தும் பிசகாமல் உள்ளிட வேண்டும்.

1996 இல் வந்த ரெசிடன்ட் ஈவில் இந்தக் குறைபாட்டையே அச்சமூட்டும் கருவியாக மாற்றியது. தட்டச்சுப்பொறி இருக்கும் அறையில் மட்டுமே சேமிக்கலாம். அதற்கு மை நாடா வேண்டும். நாடாக்களோ எண்ணிக்கையில் குறைவு. இப்போதே சேமிப்பதா, இன்னும் ஓர் அறை துணிந்து போய்ப் பார்ப்பதா என்ற தயக்கம்தான் அந்த ஆட்டத்தின் அச்சத்தில் பாதி. இதை நீக்கினால் ஆட்டம் உண்மையாகவே இளைத்துவிடும். எனவே இது சவால்.

ஆனால் சேமிப்பு என்ற ஒரே சொல்லில் இரண்டு தேவைகள் கலந்திருக்கின்றன. தோற்றபின் பழைய நிலைக்குத் திரும்பிச் செல்வது ஒன்று. சமையலறையில் பால் பொங்கும்போது எழுந்து போவது மற்றொன்று. முதலாவதை ஆட்டம் மறுக்கலாம். இரண்டாவதை மறுக்க அதற்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய ஆட்டம், பின்லாந்தின் ஹவுஸ்மார்க் நிறுவனம் 2021 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5 கருவிக்கு வெளியிட்ட ரிட்டர்னல். இதில் இறந்தால் பெரும்பாலானவற்றை இழந்து மீண்டும் தொடக்கத்துக்கு வர வேண்டும். ஒரு சுற்று மணிக்கணக்கில் நீளலாம். வெளியானபோது சுற்றின் நடுவே சேமித்து வெளியேற வழியே இல்லை. கருவியை உறக்க நிலையில் வைத்துவிட்டுப் போகலாம். இடையில் மின்சாரம் போனாலோ, வீட்டில் வேறொருவர் இன்னோர் ஆட்டத்தைத் தொடங்கினாலோ எல்லாம் போயிற்று. விளையாடியவர்கள் இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த மேம்படுத்தலில், சுற்றை இடையில் நிறுத்தி வைத்துவிட்டு வெளியேறும் வசதி சேர்க்கப்பட்டது. திரும்பி வந்து தொடர்ந்த உடனே அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். அதாவது எழுந்து போகலாம். தோற்றபின் அதே இடத்துக்குத் திரும்ப முடியாது. மேம்படுத்தலுக்குப் பிறகும் ரிட்டர்னல் கடினமான ஆட்டமாகவே இருக்கிறது. நீங்கியது தடை மட்டுமே. இந்த முறை புதிதும் அல்ல. ரோக்லைக் வகை ஆட்டங்களில் நெடுங்காலமாக வழக்கத்தில் இருப்பதுதான்.

இடைநிறுத்தத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் ஆட்டத்தில் இடைநிறுத்தம் இல்லை. இணையம் வழியாகப் பிறர் நம் உலகத்துக்குள் நுழைய முடியும் என்பதால், அங்கே காலத்தை ஒருவர் மட்டும் நிறுத்த முடியாது என்பது ஏற்கத்தக்க காரணம். அதே நிறுவனம் 2019 இல் தனியாள் ஆட்டமாக வெளியிட்ட செகிரோவில் இடைநிறுத்தம் உண்டு. அதனால் செகிரோ எளிதாகிவிட்டது என்று அதை விளையாடிய எவரும் சொல்ல மாட்டார்கள். இணையத் தொடர்பே இல்லாமல் தனியாக விளையாடும்போதும் இடைநிறுத்தத்தை மறுக்கும் ஆட்டங்களுக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

கடினநிலையும் கேலியும்

எளிய நிலையைத் தருவதில் ஆட்டத் துறைக்கு நீண்டகாலமாகவே ஒரு மனக்குறுக்கம் உண்டு. 1992 இல் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி, எளிய நிலையைத் தேர்ந்தெடுப்பவரை அப்பாவிடம் அனுமதி கேட்கும் குழந்தையாகச் சித்திரித்தது. 2014 இல் அதே வரிசையில் வந்த தி நியூ ஆர்டரும் நாயகனுக்குக் குழந்தைத் தொப்பி மாட்டி அதே கேலியைத் தொடர்ந்தது. 2015 இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 5 மீண்டும் மீண்டும் தோற்பவருக்குக் கோழித் தொப்பி ஒன்றைக் கொடுக்கிறது. அணிந்தால் எதிரிகள் எளிதில் கண்டுகொள்ள மாட்டார்கள்; ஆனால் நாயகனின் தலையில் கோழி உட்கார்ந்திருக்கும். 2017 இல் வந்த கப்ஹெட் ஆட்டத்தின் எளிய நிலையில் தலைமை எதிரிகளோடு மோதலாம். இறுதிக் கட்டத்துக்குப் போக முடியாது. உதவியைக் கேட்டவரிடம் கொடுத்துவிட்டுக் கூடவே தண்டனையும் விதிக்கும் முறை இது.

மாற்று வழியைக் காட்டியவை சிறிய குழுக்கள். 2018 இல் வெளியான செலஸ்ட் மலையேறும் பெண்ணொருத்தியைப் பற்றிய மிகக் கடினமான தாவல் ஆட்டம். அதன் உதவி முறையில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், பிடித்துத் தொங்கும் வலிமையைக் குறையாமல் வைத்துக்கொள்ளலாம், சாகாமலும் இருக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதையின் முடிவு மறைக்கப்படுவதில்லை. மனப்பதற்றத்தோடு போராடும் ஒருத்தியின் கதையைச் சொல்லும் ஆட்டம், விளையாடுபவரின் இயலாமையைக் கேலி செய்திருந்தால் தன் கதைக்கே முரணாகியிருக்கும்.

2020 இல் முழுமையாக வெளியான ஹேடிஸ் இன்னும் நுட்பமானது. அதன் கடவுள் நிலையை இயக்கினால், தாக்குதலால் வரும் சேதம் முதலில் 20 சதவீதம் குறைகிறது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் மேலும் 2 சதவீதம் குறைந்து, 80 சதவீதத்தில் நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் தமக்கான கடினநிலை தானாக அமைந்துவிடுகிறது. இறந்து இறந்து வலிமை பெறுவதுதான் அந்த ஆட்டத்தின் கதையும்கூட.

எல்லா ஆட்டங்களிலும் எளிது, நடுத்தரம், கடினம் என்ற பட்டியல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 2022 இல் வந்த எல்டன் ரிங் அப்படி எதையும் தருவதில்லை. ஆனால் வெல்ல முடியாத எதிரியை விட்டுவிட்டு வேறு திசையில் போகலாம், வலிமையைக் கூட்டிக்கொண்டு திரும்பலாம், ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம், இன்னொரு மனிதரை உதவிக்கு வரவழைக்கலாம். பட்டியலில் இல்லாத தேர்வுகள் உலகத்துக்குள் இருக்கின்றன. இது சவாலைக் கைவிடாமல் பல வழிகளைத் திறக்கும் முறை. ஆயினும், விரல்கள் விரைவாக இயங்காத ஒருவருக்கு இந்த வழிகள் எல்லாம் போதுமா என்ற கேள்வி மிஞ்சுகிறது.

கண், காது, கை

இந்தக் கேள்விதான் வசதி பற்றிய விவாதத்தின் மையம். ஒருவருக்கு வசதியாக இருப்பது இன்னொருவருக்கு வாசல். கதைக்காட்சியில் பேசுவதைக் கேட்க முடியாதவருக்குச் சப்டைட்டில் இல்லாத ஆட்டம் பாதி ஆட்டம்தான். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் ஏதோ ஒரு குறை உண்டு. நண்பனைப் பச்சையாலும் எதிரியைச் சிவப்பாலும் மட்டுமே வேறுபடுத்தும் ஆட்டம் அவர்களுக்கு வைப்பது எந்தச் சவாலும் அல்ல.

அதே நேரம் இத்தகைய வசதிகள் ஒரு சிறுபான்மைக்கு மட்டுமே பயன்படும் என்ற எண்ணமும் தவறு. யூபிசாஃப்ட் நிறுவனம் 2019 இல் வெளிப்படுத்திய தகவலின்படி, 2017 இல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ் ஆட்டத்தை விளையாடியவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினர் தாமாகவே சப்டைட்டிலை இயக்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த ஒடிசியில் சப்டைட்டில் தொடக்கத்திலேயே இயங்கும்படி வைக்கப்பட்டது. சுமார் 95 சதவீதத்தினர் அதை அணைக்கவே இல்லை. குழந்தை உறங்கும் வீட்டில் ஒலியைக் குறைத்து விளையாடுபவர், பழகாத உச்சரிப்பில் வரும் ஆங்கிலத்தைப் பின்தொடர முயல்பவர், கேட்கும் திறன் குறைந்தவர் ஆகிய எல்லோரும் அந்த எண்ணுக்குள் இருக்கலாம்.

எழுத்தின் அளவும் அப்படியே. 2006 இல் வந்த டெட் ரைசிங் ஆட்டத்தின் எழுத்துகள், அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்த பழைய தொலைக்காட்சிகளில் படிக்க முடியாத அளவு சிறியவையாக இருந்தன. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே அந்த எழுத்தில்தான் இருந்தது. பிணங்களின் கூட்டத்தைத் தாண்டுவது சவால். திரைக்கு ஓரடி முன்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் படிப்பது சவாலா?

பொத்தானை வேகமாகத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லும் காட்சிகள் இன்னொரு பழைய வழக்கம். மூட்டுவலி உள்ளவருக்கு இது ஆட்டத்தையே முடித்துவிடும். 2018 இல் வந்த ஸ்பைடர்மேன், திரும்பத் திரும்ப அழுத்துவதற்குப் பதிலாக அழுத்திப் பிடிக்கவும், இத்தகைய காட்சிகளைத் தானாகவே முடித்துக்கொள்ளவும் வழி தந்தது. 2020 இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் இப்படி 60க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. பார்வையற்றவர்கள் ஒலிக்குறிப்புகளைக் கொண்டே அதை முடித்தார்கள். வன்முறையும் துயரமும் நிறைந்த அந்த ஆட்டத்தின் கனம் இந்த அமைப்புகளால் குறைந்துவிட்டதாகச் சொல்வதற்கு இடமில்லை.

எல்லாவற்றையும் கேட்கலாமா?

விருப்பப் பட்டியலில் உள்ள எல்லாமே ஒரே தரத்தவை என்று கொள்வதும் பிழை. நினைத்த இடத்துக்கு நொடியில் போகும் விரைவுப் பயணம் எல்லா ஆட்டங்களிலும் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். முதல் டார்க் சோல்ஸ் ஆட்டத்தின் முற்பாதியில் அது கிடையாது. நடந்து நடந்தே பாதைகளை மனத்தில் பதிக்கிறோம். எங்கோ ஆழத்தில் திறக்கும் ஒரு கதவு, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும்போது கிடைக்கும் மகிழ்ச்சி அந்த நடையின் கூலி. விரைவுப் பயணத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் அந்த உலகம் வெறும் இடப்பட்டியலாகியிருக்கும்.

உதவியே தடையாக மாறுவதும் உண்டு. 2022 இல் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக் ஆட்டத்தில், புதிரைப் பார்த்து யோசிக்கத் தொடங்குவதற்குள் உடன்வருபவர்கள் விடைக்கான குறிப்பைச் சொல்லிவிடுகிறார்கள் என்ற குறை பரவலாக எழுந்தது. யோசிக்க விரும்பியவரிடமிருந்து அந்த வாய்ப்பு பறிக்கப்படுகிறது. அணைக்க முடியாத உதவி, கேட்டும் கிடைக்காத உதவியைப் போலவே விளையாடுபவரின் விருப்பத்தைப் பொருட்படுத்தாதது. திசைகாட்டும் குறிகளோடும் அவை இல்லாமலும் விளையாட ஒடிசி இரண்டு முறைகளைக் கொடுத்தது. இத்தகைய தேர்வுதான் இரு சாராருக்கும் நியாயம் செய்கிறது.

மதிப்பீடு

ஒரு வசதியைச் சேர்ப்பதா, மறுப்பதா என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும். இது இல்லாததால் விளையாடுபவர் ஆட்டத்துக்குள் ஏதாவது முடிவெடுக்கிறாரா, கற்கிறாரா, அஞ்சுகிறாரா? ஆம் என்றால், அதை மறுக்கப் படைப்பாளருக்கு உரிமை உண்டு. மை நாடாவும் டார்க் சோல்ஸின் நீண்ட பாதைகளும் இந்த வகை. இல்லை என்றால் அது வெறும் தடை. படிக்க முடியாத எழுத்து, மாற்ற முடியாத பொத்தான்கள், எழுந்து போக விடாத சுற்று, தாண்ட முடியாத கதைக்காட்சி ஆகியவற்றால் எந்த ஆட்டமும் ஆழம் பெற்றதில்லை.

செலவு உண்மையான பிரச்சினைதான். பொத்தான் அமைப்பும் எழுத்தளவும் திட்டமிடும்போதே கருதப்பட்டால் குறைந்த வேலை. ஆட்டம் முடிந்தபின் ஒட்டவைப்பது பெரும் வேலை. எனவே இவை விளையாடுபவர்களின் முறையீட்டுக்குப் பிறகு வரும் மேம்படுத்தலாக இல்லாமல், முதல் வரைவிலேயே இடம்பெற வேண்டும். ஆட்டங்களை மதிப்பிடுபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஓவியத்தையும் இசையையும் கதையையும் எடைபோடும் விமர்சனம், இந்த ஆட்டத்தை யாரால் விளையாட முடியும், யாரால் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வாங்கி வந்து முதல் திரையிலேயே நின்றுபோகும் ஒருவருக்கு மற்ற எல்லாப் பாராட்டையும்விட அந்த ஒரு வரிதான் பயன்படும்.