போலீஸ் அணி தந்த சென்டர் ஃபார்வர்டு

இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்த 2014-க்குப் பிறகுதான் இந்தியக் கால்பந்து கண்திறந்தது. அதற்கு முந்தைய போலீஸ், வங்கி, தொழிற்சாலை அணிகள் வெறும் அரசு வேலைக்கான குறுக்குவழி என்ற பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. கோல் அடிப்பவர்களின் வரலாற்றைப் புரட்டினால் இந்தப் பேச்சு நிற்காது.

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசாவின் ஹாட்ரிக், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பி.கே., சுனி, பலராம் கூட்டணி வென்ற தங்கம் எல்லோரும் அறிந்தவை. 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபி கிடைத்தபோது, ரயில்வேக்கு எதிராக மூன்று கோலையும் அடித்த கேப்டன் மணி, ஃபாக்ட் உரத் தொழிற்சாலை அணிக்காரர்.

அந்த மரபின் உச்சம் கேரள போலீஸ். வி.பி.சத்யன், ஷரஃபலி, பாப்பச்சன், குரிகேஷ் மேத்யூ, கோல் காவலர் சாக்கோ என்று ஒரு தலைமுறையே காக்கிச் சீருடையில் திரண்டது. 1990-இல் திருச்சூரில் சல்கோகரை 2-1 என வீழ்த்தி ஃபெடரேஷன் கோப்பையை வென்றார்கள். அதற்கு முன் எந்தக் கேரள அணியும் அதைத் தொட்டதில்லை. மறு ஆண்டும் கோப்பை அவர்களுக்கே.

ஐ.எம்.விஜயன் உருவானது இந்த அணியில்தான். திருச்சூர் நகராட்சி மைதானத்தில் ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்குச் சோடா விற்ற சிறுவன் அவர். பதின்ம வயதில் போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. மாதச் சம்பளம், காலை மாலை பயிற்சி, வருடக்கணக்கில் மாறாத கூட்டாளிகள்: பாஸ் எங்கே வரும் என்று பார்க்காமலே ஓடும் பழக்கம் அப்படித்தான் வரும். பிறகு மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின். 1993, 1997, 1999 என மூன்று முறை நாட்டின் சிறந்த வீரர். 1999 காத்மாண்டுவில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-ஆவது நொடியில் கோல். இடையில் விட்டுப்போன அதே போலீஸ் துறைக்குத் திரும்பி, பத்மஸ்ரீ பெற்ற 2025-இல்தான் பணி ஓய்வு பெற்றார்.

நம் ஊரில் அவரை ‘திமிரு’ பட வில்லனாகவே தெரியும். அதைவிட வருத்தம், கொச்சின் அணியில் அவரோடு ஆடிய தமிழர் ராமன் விஜயனைப் பலருக்கும் தெரியாது. 1997-98 தேசிய லீகில் 10 கோல்களுடன் முதலிடம் பிடித்தவர் அவர். முந்தைய ஆண்டு முதலிடம் பைச்சுங் பூட்டியாவுக்கு.

ஐ.எஸ்.எல்.-இல்? 2024-25 வரை ஒரு பருவத்தில்கூட அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி இந்தியருக்குக் கிடைக்கவில்லை. கோல் அடிக்கும் இடத்துக்கு வெளிநாட்டவரை வாங்கிவிட்டு, உள்ளூர்ப் பையனை ஓரத்துக்குத் தள்ளியதன் பலன் இது. தேசிய அணியிலும் இதுவே நிலை. திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் 2016 ஜனவரி 3 அன்று ஆப்கானிஸ்தானை 2-1 என வென்று இந்தியா தெற்காசிய சாஃப் கோப்பையை வென்றது. கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை அடித்த சுனில் சேத்ரி, 2024-இல் ஓய்வு அறிவித்தும் மறு ஆண்டே, 40 வயதில், அழைத்து வரப்பட்டார். அந்த இடத்துக்கு அப்போது வேறு ஆள் இருக்கவில்லை.

துறை அணிகளிலும் குறை உண்டு. சிறுவர் பயிற்சியில் அவை அக்கறை காட்டியதில்லை. ஆனால் பொழியூரிலும் தூத்தூர்க் கரையிலும் பந்து உதைக்கும் மீனவப் பையனுக்கு ஆட்டத்தை நம்பி வாழத் துணிவு தந்தவை அவைதான். ஒவ்வொரு ஐ.எஸ்.எல். அணியும் ஒரு இந்திய சென்டர் ஃபார்வர்டைக் களமிறக்கியே ஆக வேண்டும் என்று விதி வரட்டும். போலீஸ், மின்வாரிய அணிகளுக்கு லீகில் இடம் கிடைக்கட்டும். அடுத்த ஐ.எம்.விஜயன் பதினேழு வயதில் தேர்வாக வேண்டுமானால் இந்த இரண்டும் உடனே நடந்தாக வேண்டும்.