நெற்றியில் நான்கு அங்குலம்

அஸர் தொழுதுவிட்டு ஆட்கள் கலைகிற நேரம், கல்முனை பிரதான வீதியோரம் நிற்கும் ஒரு மொரிஸ் மைனருக்கு நேர் எதிரே நின்று பாருங்கள். சாய்வெயில் அந்தப் பொனட்டில் எண்ணெய்போல வழியும். இரு பக்கமும் தோளாய் இறங்கும் வளைவுகளின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு தட்டையான பட்டை ஓடுகிறதே, கண்டீர்களா?

அழகுக்கு வைத்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் மனம் மாறிய தடம். தயாரிப்புக்குப் போகவிருந்த கடைசி நேரத்தில், வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் கண்ணுக்கு வண்டி ஒடுங்கித் தெரிந்தது. மாதிரி வண்டியை நடுவால் அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்து, மனம் நிறைந்த இடத்தில் நிறுத்தினார். நான்கு அங்குலம்! அந்த இடைவெளியை நிரப்பியதுதான் இந்தப் பட்டை. பம்பர்கள் அதற்குள் பழைய அளவில் செய்தாகிவிட்டன; 1948இல் வந்த முதல் வண்டிகளில் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டிருந்தார்கள். அந்த ஒட்டுமே எனக்கு அழகு.

ஆதிகாலத்தில் கார் தச்சுப்பட்டறையில்தான் பிறந்தது. மரச்சட்டம் இழைத்து, தகட்டைத் தட்டிப் போர்த்தி, ஆளுக்கு ஒரு வண்டியாகச் செய்தார்கள். ஒரு காரின் கதவு இன்னொன்றுக்குப் பொருந்துவது தற்செயல். 1913இல் ஃபோர்ட் தொழிற்சாலையில் ஆள் நின்ற இடத்தில் நிற்க, கார் அவனைத் தேடி நகர்ந்து வந்தது. பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் எடுத்த வேலை 93 நிமிடத்தில் முடிந்தது. மைனரும் அச்சில் அடித்த பிள்ளைதான். பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அது. ஆனாலும் ஒருவரின் கண்நிறைவு அத்தனை நெற்றியிலும் பதிந்திருக்கிறது.

இனி, வாய்த்தால், 1953இல் வந்த மைனர் டிரவலரைப் பாருங்கள். முன்பாதி முழுக்க இரும்பு. பின்பாதியில் வார்னிஷ் பூசிய ஆஷ் மரச்சட்டம், தேன் நிறத்தில், மூலைக்கு மூலை பொருத்திய தச்சுவேலை. ஒப்பனைக்கு ஒட்டிய மரமல்ல, கூரையையே அதுதான் தாங்குகிறது. கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் தேங்கினால் உளுத்தும் போகும். அதை வைத்திருப்பவர் கதவுநிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சு வேலையும் உளி வேலையும் ஒரே உடம்பில் கைகோத்து நிற்பதை வேறெங்கு காண்பது?

மருதமுனையில் கைத்தறிச் சாரம் வாங்குகிறவர் விரல்நுனியால் கரையைத் தடவிப் பார்ப்பார். எங்கள் பக்கத்து டிங்கர் கராஜிலும் அதே கைதான். கடற்காற்றின் உப்பு தின்ற மட்கார்டைக் கழற்றி, பின்னால் ஓர் இரும்புக் கட்டியை அண்டக்கொடுத்து, சின்னச் சுத்தியலால் பெரியவர் தட்டுவார். ஓங்கி ஓர் அடி கிடையாது. மழை தொடங்குவதுபோல டொக், டொக் என்று, வளைவு தன்னாலேயே எழும்பி வரும்வரை. இங்கிலாந்தில் அச்சு நின்றுபோன பிறகு, இலங்கையில் இப்படித் தட்டியெடுத்த மைனர் பாகங்கள் அங்கேயே ஏற்றுமதியானதும் உண்டு.

வேலை முடிந்ததா என்று குனிந்து பார்த்தேன்.

"கண்ணால பாக்காதீங்க தம்பி, தடவிப் பாருங்க" என்றார்.

உள்ளங்கையை வைத்தேன். தகடு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று விரல் தேடிக்கொண்டே போனது.