பார்ஓஎஸ்: எந்த அளவுக்குத் திறந்தது?

2023 ஜனவரியில் ஐஐடி மெட்ராஸ், பார்ஓஎஸ் என்ற மொபைல் இயங்குதளத்தை அறிவித்தது. ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த ஒரு ஸ்டார்ட்அப் செய்தது. மந்தைவெளியிலிருந்து அடையாற்றைத் தாண்டினால் ஐஐடி கொஞ்ச தூரம்தான். நம்ம ஊர் சரக்கு என்று தாராளமாக சந்தோஷப்படலாம். ஆனால் நிரல் எழுதுகிறவருக்கு இன்னொரு கேள்வி இருக்கு: இதை இறக்கி, என் கணினியில் பில்ட் பண்ணிப் பார்க்க முடியுமா?

சொன்ன அம்சங்கள் நல்லவைதான். முன்கூட்டியே திணித்த செயலிகள் கிடையாது. நம்பகமான செயலிகளுக்கு, அந்தந்த நிறுவனத்துக்கென்று தனி ஆப் ஸ்டோர். அப்டேட் தானாகவே வரும். அடித்தளம், கூகுளின் திறமூல ஆண்ட்ராய்டு. அதில் தப்பே இல்லை, லீனியேஜ்ஓஎஸ்ஸும் அப்படித்தான். ஆனால் லீனியேஜ் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பார்ஓஎஸ்ஸை அறிவித்தபோது அதன் மூல நிரல் பொதுவில் வைக்கப்படவில்லை.

சட்டப்படி இது பெரும்பாலும் சரி. ஆண்ட்ராய்டின் மேல் அடுக்குகள் அப்பாச்சி உரிமத்தில் இருக்கின்றன. மாற்றியதை வெளியிடச் சொல்லி அது கட்டாயப்படுத்தாது. அடியில் இருக்கிற லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல். போனை வாங்கியவர் கேட்டால் அந்தப் பகுதியின் நிரலைக் கொடுத்தே ஆகணும்.

கருவிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய உதாரணம் இருக்கு. 2007 நவம்பர் 5 அன்று ஆண்ட்ராய்டு அறிவிப்பு. ஒரே வாரத்தில் எமுலேட்டரோடு எஸ்டிகே. முதல் போன் கடைக்கு வந்ததோ 2008 அக்டோபரில். கையில் போனே இல்லாமல் கிட்டத்தட்ட ஒரு வருஷம் செயலி எழுதிப் பழகினார்கள்.

ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் கதை இன்னும் பொருத்தம். 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் 1,999 ரூபாய்க்கு வந்தது. ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் போதும், செயலி எழுதலாம். விற்பனை எடுபடவில்லை, 2015 டிசம்பரில் மொசில்லா ஸ்மார்ட்போன் முயற்சியை நிறுத்திக்கொண்டது. ஆனால் நிரல் திறந்தே கிடந்ததால் அதிலிருந்து காய்ஓஎஸ் பிறந்தது. 2017-இல் ஜியோபோனில் ஓடியது அதுதான்.

மூடிய நிரலுக்கு இந்த மறுபிறவி கிடையாது. நிறுவனம் கைவிட்டால் கதை அங்கேயே முடிஞ்சுது. பார்ஓஎஸ்ஸின் முதல் வாக்குறுதியே பாதுகாப்பு. நிரலைப் பார்க்காமல் அதை எப்படி சோதிப்பது? பார்ஓஎஸ் குழுவிடம் கேட்க வேண்டியது மூணே மூணு: மாற்றிய நிரல், பில்ட் செய்யும் வழிமுறை, ஒரு எமுலேட்டர் இமேஜ். மீதி வேலையை நம்ம ஊர் பசங்களே பார்த்துக்குவாங்க.