பித்தளைக்குச் சூடு போடும் மெஷின்கள்: விமர்சனங்களைப் பற்றி ஒரு விமர்சனம்

போன ஐப்பசியில் ஆரம்பித்த வேலை இது. குறிப்புகளாகவே கிடந்தது, இப்போதுதான் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன பிரஸ் பட்டறை இருக்கிறது. பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, இரண்டு தடவை டையில் இழுத்து, கிண்ணம் மாதிரி மூடிகள் செய்கிறார்கள். செய்த மூடிகளை மாங்காட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் அடுக்கி வைப்பது வழக்கம். அந்த மழைக்காலத்தில் ஒரு லாட் திரும்பி வந்தது. விளிம்பிலிருந்து கீழ்நோக்கி முடி அளவு விரிசல். ஷெட்டில் மிச்சம் இருந்ததைப் பார்த்தால் அதிலும் அதே விரிசல்.

சித்தப்பா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அனீலிங் சரியில்ல. அவன் கண்ணால பாத்து சூடு போடுறான்ல, அதான். நெட்ல பாத்து ஒரு நல்ல மெஷினா சொல்லுடா." 'அவன்' என்று அவர் சொன்னது பதினைந்து வருஷமாக கேஸ் டார்ச் பிடிக்கும் பட்டறை அண்ணனை. அந்த மாதம் அவர் சம்பளத்தில் பிடித்தமும் ஆனது.

நெட்டில் தேடினால், சின்னப் பித்தளைக் குழலுக்குச் சூடு போடுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் ஒரே கூட்டம்தான்: சுட்ட தோட்டாவின் கூட்டை மறுபடி நிரப்பிச் சுடும் அமெரிக்க, ஐரோப்பிய துப்பாக்கிக்காரர்கள். நம்மூரில் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டிய வேலை, வீட்டு மேஜையில் செய்கிற பொழுதுபோக்கு இல்லை. ஆனால் உலோகம் ஒன்றுதான். தோட்டாக் கூடும் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். எங்கள் மூடியும் அதே. அதனால் அவர்கள் எழுதிய மெஷின் விமர்சனங்களை இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

மெஷின்கள் பெரும்பாலும் மூன்று வகை. கூட்டைச் சுழற்றிக்கொண்டே கேஸ் தீயில் சில விநாடி காட்டுவது ஒன்று. மின்காந்தச் சுருளுக்குள் நிறுத்தி உலோகத்துக்குள்ளேயே சூட்டை உண்டாக்கும் இன்டக்‌ஷன் இன்னொன்று. 500 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கிய உப்பில் முக்கி எடுப்பது மூன்றாவது. மூன்றாவதை நான் முதலிலேயே தள்ளிவிட்டேன். உருகிய உப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும். மழையில் ஒழுகும் கூரைக்கு அடியில் அது ஆகாது.

நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை எதை அளக்கின்றன? மணிக்கு எத்தனை, விலை எவ்வளவு, கேஸ் செலவா கரண்ட் செலவா, கழுத்து எந்த நிறத்தில் ஒளிர்ந்தது. கடைசியாகச் சொன்ன நிறம்தான் ரொம்ப பலவீனமான அளவுகோல். இருட்டில் உலோகம் சுமார் 525 டிகிரியிலேயே மங்கலாக ஒளிரத் தொடங்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் அதே ஒளி கண்ணுக்குத் தெரிய இன்னும் சூடேற வேண்டும். ஆக, "லேசான சிவப்பு வந்ததும் நிறுத்து" என்றால், எந்த வெளிச்சத்தில் என்று சொல்லாதவரை அதற்கு அர்த்தம் கிடையாது. குறிப்பிட்ட சூட்டில் உருகும் பூச்சைத் தடவிப் பார்ப்பவர்கள் இதைவிட நேர்மையானவர்கள். நியூசிலாந்தின் ஏ.எம்.பி. மார்க் 2 என்ற இன்டக்‌ஷன் மெஷின் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு கூட்டைப் பலி கொடுத்து, அதைச் சோதித்து, அந்த லாட்டுக்கான அளவை அதுவே கணக்கிடுகிறது. இந்த யோசனை எனக்குப் பிடித்தது. ஆனால் அதன் வாய் துப்பாக்கிக் கூட்டின் கழுத்துக்கானது, எங்கள் மூடி உள்ளே நுழையாது.

சூடான பித்தளையைத் தண்ணீரில் போட்டால் கெட்டியாகிவிடும் என்ற பயமும் சிலர் எழுத்தில் இருக்கிறது. எஃகுக்கு அது சரி. இந்தப் பித்தளைக்கு இல்லை. தண்ணீர் அதை ஆற்றும், அவ்வளவுதான். பாத்திரம் தட்டுகிறவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் என் பெரிய குறை வேறு. எந்த நோய்க்கு இந்த மருந்து என்று நான் படித்த யாரும் முதலில் கேட்கவில்லை. அவர்கள் நோய் தெளிவானது. கூட்டின் கழுத்து ஒவ்வொரு முறை சுடும்போது விரிந்து, அச்சில் திரும்ப ஒடுங்கி, இறுகிப்போய்க் கடைசியில் கிழியும். அதனால் கழுத்தையும் தோளையும் மட்டும் இளக்குகிறார்கள். அடிப்பாகம் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், அது இளகினால் ஆபத்து. எனவே "சூடு கீழே இறங்காமல் இருப்பது" அவர்கள் மெஷினுக்குப் பெரிய பெருமை. எங்களுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு பழைய கதை கண்ணில் பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள், யாரும் தொடாமலேயே விரிசல் விட்டன. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் 1921இல் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்குகிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் குதிரை மூத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதுதான் சுவாரசியம் என்பதால். முக்கியமான பாதி விட்டுப்போகிறது. அம்மோனியா மட்டும் இருந்தால் பித்தளை இப்படிப் பிளக்காது. டையில் இழுத்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இழுவிசையும் சேர்ந்து இருக்க வேண்டும். அந்த விசையை மட்டும் தளர்த்த 300 டிகிரியை ஒட்டிய மிதமான சூடு ஒரு மணி நேரம் போதும். பொருள் பெரிதாக இளகாது. இதற்கும் பெயர் அனீலிங்தான். ஒரே பெயரில் இரண்டு வைத்தியம், குழப்பமே அங்கேதான்.

எங்கள் ஷெட்டை ஒட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை.

திரும்ப யோசித்துப் பார்த்தேன். பட்டறை அண்ணன் சூடு போடுவது முதல் இழுப்புக்கும் இரண்டாவது இழுப்புக்கும் நடுவில். அவர் தப்பாகப் போட்டிருந்தால், இரண்டாவது இழுப்பில் பிரஸ்ஸிலேயே மூடி கிழிந்திருக்க வேண்டும். கிழியவில்லை. மூன்று வாரம் கழித்து ஷெட்டில் பிளந்திருக்கிறது. பிளந்தது கடைசி இழுப்பு விட்டுப்போன விசையால். அதற்குப் பிறகு நாங்கள் சூடே போடுவதில்லை, வாங்குபவர் மூடி கெட்டியாக வேண்டும் என்பதால். ஆக, உலகத்திலேயே உயர்ந்த மெஷினை வாங்கி நடுவில் வைத்திருந்தாலும் அந்த லாட் பிளந்துதான் இருக்கும்.

சித்தப்பாவிடம் சொன்னால் வாதமாகத்தான் எடுத்துக்கொள்வார். அதனால் பட்டறையிலிருந்து புதிதாக இறங்கிய 20 மூடிகளை எடுத்தேன். பத்தைத் தெரிந்தவர் ஒருவரின் மின் உலையில் 290 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். பத்தை அப்படியே விட்டேன். எல்லாவற்றையும் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில், அம்மோனியாக் கரைசல் நனைத்த பஞ்சோடு, மொட்டைமாடியில் ஒரு ராத்திரி. காலையில் சூடு போடாத பத்தில் ஏழு விளிம்பிலிருந்து பிளந்திருந்தன. சூடு போட்டவை நிறம் மங்கியிருந்தன, விரிசல் இல்லை. இருபதை வைத்து ஆய்வு முடிவு என்று சொல்ல மாட்டேன். சித்தப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

மெஷின் வாங்கவில்லை. பழைய மின் உலை ஒன்று வந்தது, கடைசி இழுப்புக்குப் பிறகு எல்லா மூடியும் அதில் போகிறது. சரக்கும் மாங்காட்டு ஷெட்டிலிருந்து முன் அறைக்கு மாறிவிட்டது. டார்ச் இன்னும் அண்ணன் கையில்தான். பூச்சு தடவி ஒருநாள் அவர் சூட்டைச் சோதித்தேன். நான் குறை சொல்லும்படி எதுவும் இல்லை. மணிக்கு நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டி வந்தால் இன்டக்‌ஷன்தான் வாங்கச் சொல்வேன். அதற்கு முன்னால் விரிசல் எங்கே, எப்போது, எந்தத் திசையில் விட்டது என்று ஒரு தாளில் எழுதச் சொல்வேன். நாங்கள் அதை முதல் நாளே எழுதியிருந்தால் இரண்டு வாரம் மிச்சம்.

டப்பாவைத் திறந்து காட்டிய அன்று அண்ணன் பிளந்த மூடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத அன்னைக்கே பாத்திருக்கலாம் தம்பி" என்றார், அவ்வளவுதான். பிடித்த பணம் பொங்கல் போனஸோடு சேர்ந்து கவரில் வந்தது. சித்தப்பா வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.