சுற்றுலா நெறிக்கோவையும் ஓய்வுநாள் கற்பனையும்

உலகச் சுற்றுலா அமைப்பு 1999-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிலி நாட்டுச் சந்தியாகோ நகரில் ஏற்றுக்கொண்ட சுற்றுலா ஒழுக்க நெறிக்கோவை பத்து உறுப்புகளைக் கொண்ட ஒரு சிறு ஆவணம். சுற்றுலாத் தொழிலில் மனித உரிமை பற்றி எவர் பேசினும் இதனையே முதலில் எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. இதனைப் பழிப்பது நமது நோக்கமன்று. மனிதரை, சிறப்பாகச் சிறுவரை, பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துவதை இது ஐயத்திற்கிடமின்றிக் கண்டிக்கிறது. சுற்றுலாவால் விளையும் பயனில் உள்ளூர் மக்களுக்கு நியாயமான பங்கு வேண்டும் என்கிறது. ஆயினும் வேதபகுதியை வசனம் வசனமாக ஆராயப் பழகிய நம் மாணவர், அதே பழக்கத்தோடு இதன் ஏழாம் உறுப்பையும் ஒன்பதாம் உறுப்பையும் அருகருகே வைத்துப் படிப்பாராயின், ஒரு வினா எழாமற் போகாது.

ஏழாம் உறுப்பு, சுற்றுலா செல்வதே மனிதனுக்குரிய ஓர் உரிமை என்கிறது. அவ்வுரிமைக்கு அது காட்டும் அடிப்படை, 1948-ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு. அப்பிரிவோ உழைப்பாளியின் குரலிலிருந்து பிறந்தது: ஓய்வுக்கும் ஓய்வு நேரத்திற்கும் உரிமை, வேலை நேரத்திற்கு நியாயமான வரையறை, அவ்வப்போது ஊதியத்துடன் விடுமுறை. ஆலைத் தொழிலாளி ஒருவர் தம் விடுமுறையில் மனைவி மக்களோடு தஞ்சைப் பெரிய கோயிலைக் காண வருவதை இவ்வுரிமையின் கனியாகக் கருதுவதில் பிழையில்லை. ஆனால் அவருக்கு அறை ஒழுங்குசெய்து, எச்சில் இலை எடுத்து, வண்டி ஓட்டுகிறவரைப் பற்றி என்ன சொல்வது? ஒன்பதாம் உறுப்பு அவருக்கென்றே எழுதப்பட்டது. பயிற்சி பற்றியும் சமூகப் பாதுகாப்பு பற்றியும் அது பேசுகிறது. பருவந்தோறும் வந்து போகும் வேலை என்பதால் தனிக் கவனம் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் 24-ஆம் பிரிவை அங்கே காணோம். தொழிலாளிக்காக எழுதப்பட்ட பிரிவு விருந்தினரின் உறுப்பில் இடம்பெற்று, தொழிலாளியின் உறுப்பில் இடம்பெறாமற் போயிற்று. இதனைச் சூழ்ச்சி என நாம் கருதவில்லை. பயணம் செய்கிறவரின் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினால் இப்படித்தான் எழுத வரும்.

இனி ஓய்வுநாள் கற்பனையைக் கவனிப்போம். யாத்திராகமம் 20-இல் அதற்குக் கூறப்படும் காரணம் படைப்பு. உபாகமம் 5-இல் காரணம் எகிப்தின் அடிமைத்தனம். இந்த இரண்டாம் வடிவத்தில்தான் வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப் போலவே இளைப்பாறவேண்டும் என்ற நோக்கம் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது (உபா. 5:14). அங்கே வரும் 'கமோகா' என்னும் எபிரேயச் சொல், 'உன்னைப்போல' என்று பொருள்படுவது. அதுவே லேவியராகமம் 19:18-இல் பிறனிடத்திலும், 19:34-இல் அந்நியனிடத்திலும் அன்புகூரும் அளவுகோலாக வருகிறது. முன்னிரண்டைப் பற்றியும் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். வேலைக்காரியின் இளைப்பாறுதலுக்கும் அதுவே அளவுகோல் என்பதைப் பற்றி எத்தனை கேட்டிருக்கிறோம்? ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நமது ஓய்வுநாள் உபதேசம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

காவிரிப் படுகையில் இவ்வினாவுக்கு ஒரு கூர்மை உண்டு. 1987-இல் தஞ்சைப் பெரிய கோயிலும், 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் உலக மரபுச் சின்னங்களாயின. கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகத் தலங்கள்; கடற்கரையில் வேளாங்கண்ணியும் நாகூரும்; நமக்குத் தரங்கம்பாடி. மும்மதத்தாரும் யாத்திரை வரும் இந்நாட்டில் விடுதிகளிலும் உணவகங்களிலும் பணிபுரிவோருள் பலர் பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகள். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டனர் என்பதை மறப்பதற்கில்லை. அந்த மக்களுக்கு ஓய்வு என்பது எந்நாளும் ஆற்றைப் பொறுத்தே இருந்தது. தை அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்தாயிற்று என்றால், மேட்டூர் அணை திறக்கும் வரை வயலில் வேலையில்லை. ஜூன் 12 என்பது ஏட்டிலுள்ள நாள். தண்ணீர் வராத ஆண்டுகளும் உண்டு. அம்மாதங்களை ஓய்வு என்று அழைப்பது கொடுமை, அது பசி. பள்ளி விடுமுறையால் சுற்றுலா பெருகுவதும் அதே கோடையில்தான். ஆகவே விடுதியில் கிடைக்கும் கூலி பசிக்கும் மாதத்தில் கிடைக்கும் கூலி. இதனைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை.

1980-இல் உலகச் சுற்றுலா அமைப்பு மணிலா நகரில் மாநாடு கூட்டிய வேளையில், ஆசியக் கிறிஸ்தவ மாமன்றத்தாரும் அங்கே ஒரு கருத்தரங்கு நடத்தி, மூன்றாம் உலக மக்களுக்குச் சுற்றுலா நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்கிறது என்று அறிக்கையிட்டனர். திருச்சபை இப்பொருளில் வாய்திறந்தது நன்று. எனினும், அவ்வறிக்கையின் சினம் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் கடற்கரைகளைப் பார்த்து எழுந்தது. வெள்ளையர் வராத, நம்மவரே நம்மவரிடம் யாத்திரை வரும் கும்பகோணத்து விடுதிக்கு அது அப்படியே பொருந்தாது. இங்கே சுரண்டுகிறவரைத் தேடி விமானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

சட்டம் நம்மைவிட முந்திக்கொண்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1958-இலேயே இம்மாநிலத்தில் உணவு விடுதிப் பணியாளரின் வேலை நேரத்திற்கும் வார விடுமுறைக்கும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2006-ஆம் ஆண்டு அக்டோபரில் விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் சிறுவரை வேலைக்கு வைப்பதை மத்திய அரசு தடைசெய்தது. 2021-இல், கடைகளில் நாளெல்லாம் நின்றே பணிபுரிவோருக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினரின் வாகன ஓட்டுநருக்கும் விடுதிகள் படுக்கையும் கழிப்பறை, குளியலறை வசதியும் செய்துதர வேண்டும் என்றது. ஒன்பது தலங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று இரவெல்லாம் ஓட்டச் சொல்லி, மறு இரவு ஓட்டுநரை வண்டிக்குள் விட்டு நாம் மாடியேறுவது எத்தனை காலமாய் நடந்துவந்தது! சந்தியாகோ ஆவணத்தில் இல்லாத ஓட்டுநரின் படுக்கை ஒரு கட்டட விதியில் வந்து சேர்ந்தது. உபாகமம் 5:14-க்கு அண்மையில் வந்த விளக்கவுரைகளுள் இதனை நாம் முன்வைப்போம்.

நாமும் குற்றத்திற்கு உட்பட்டவரே. சில ஆண்டுகளுக்கு முன் மாணவரை அழைத்துக்கொண்டு தரங்கம்பாடி சென்றோம். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்திறங்கிய கரையில் ஜெபித்து, 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தைக் கண்டு, இரவு ஒரு விடுதியில் தங்கினோம். விடியலில் வண்டியருகே சென்றபோது ஓட்டுநர் முன்னிருக்கையில் மடங்கிக் கிடந்தார். கொசுவுக்கு அஞ்சிக் கண்ணாடியை ஏற்றுவதும், புழுக்கம் தாளாமல் இறக்குவதுமாக இரவு கழிந்ததாம். "பழக்கந்தான் ஐயா" என்றார். அன்று காலைத் தியானத்திற்கு நாம் தெரிந்தெடுத்திருந்த பகுதி மத்தேயு 11:28. பகுதியை மாற்றாமலே தியானம் நடந்தது.

அடுத்த முறை, திருச்சபை ஒன்றின் விருந்தினர் இல்லத்திற்கு எழுதும்போது ஓட்டுநருக்கும் ஒரு படுக்கை கேட்டோம். அறைகளின் விவரமும் கட்டணமும் பதிலில் வந்தன. ஓட்டுநருக்கு ஏற்பாடு இல்லை என்றும் கண்டிருந்தது. மாணவர் படுக்கும் பொது அறையிலேயே ஒரு கட்டிலை அவருக்கென ஒதுக்கினோம். மாணவர் எவரும் மறுக்கவில்லை. ஐயாமாரோடு ஒரே அறையில் எப்படிப் படுப்பது என்று ஓட்டுநர்தான் வெகுநேரம் வாசலில் நின்றார்.